இருசப்பனின் முதல் சாவு

புன்னைக்குப்பம்
26-2-1974

அன்புள்ள ரத்னாவுக்கு, உன் அண்ணி சம்பூர்ணம் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நேற்று செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு சங்கரா மீனோடு கால்மணி நேரம் பேசினேன். நீயும் பார்த்திருப்பாய். நாலு முழம் தள்ளித்தானே கூடையை வைத்திருந்தாய். உன்னோடு பேசினால் பஞ்சாயத்துக் கட்டுப்பாட்டை மீறியதாகிவிடும். மீனோடு பேசக்கூடாதென்று எந்தப் பஞ்சாயத்தும் சொல்லவில்லை. அதனால் மீனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இன்னாடி, முதுகுவலி எப்டி கீது? தைலம் தடவிக்கினியா?" என்று உரக்கக் கேட்டேன். உனக்குப் புரிந்ததோ இல்லையோ, வாடிக்கையாக வருகிற போலீஸ் குவார்ட்டர்ஸ் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டாள். நாற்பத்தாறு வயசில் எனக்கு இது தேவைதான்.

சிரித்தது போதும். விஷயம் நல்லதில்லை.

தை மாசம் உங்கள் கழிக்குப்பத்துப் பெரிய வலை நீரோட்டத்தில் முகத்துவாரம் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. எங்கள் ஆட்கள் அறுத்தார்கள். உங்கள் ஆட்கள் எங்கள் பையன் ஒருத்தன் கையை உடைத்தார்கள். இரண்டு பஞ்சாயத்தும் கூடி, ஒரு குப்பத்தார் இன்னொரு குப்பத்தில் காலும் வைக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது என்று முடித்துவிட்டார்கள். அங்கே பிறந்த நான் இங்கே உன் அண்ணனோடு வாழ்கிறேன். இங்கே பிறந்த நீ அங்கே என் தம்பியோடு வாழ்கிறாய். நடுவில் ரெண்டு மைல் மணல். இந்தக் கடிதமோ செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் போய், மூணு நாள் கழித்து உன்னிடம் வரும். அதற்குள் நாம் மூணு தடவை எதிரும் புதிருமாக உட்கார்ந்து மீன் விற்றிருப்போம்.

நேற்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆம்பளைகள் கூடினார்கள். நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கஞ்சி ஊற்றுகிறவளுக்குக் காது இருக்கும் என்று இவர்களுக்கு எப்போதும் தோன்றியதில்லை. வருகிற மார்ச் எட்டு, வெள்ளிக்கிழமை காலை, நாற்பது கட்டுமரத்தில் கடல் வழியாக வந்து, உங்கள் கரையில் இருக்கிற மரம், வலை எல்லாவற்றுக்கும் நெருப்பு வைக்கப்போகிறார்கள். உன் அண்ணன் நீலமேகம் தலையை மட்டும் ஆட்டினார்.

நெருப்பு வைத்தால் உங்கள் ஆட்கள் சும்மா நிற்க மாட்டார்கள். எந்தப் பக்கம் தலை விழுந்தாலும் நம் ரெண்டு வீட்டிலும் இழவு.

எனக்கு ஒரு யோசனை. ரெண்டு குப்பத்தில் எதில் பிணம் கிடந்தாலும், அதை எடுத்து முடிக்கிறவரை ரெண்டு குப்பத்திலும் ஒரு மரம்கூடக் கடலில் இறங்கக் கூடாது. கொண்டான் கொடுத்தான் ஊர் முறை அது, பஞ்சாயத்தைவிடப் பழையது. ஆக, நமக்கு வேண்டியது ஒரு பிணம். என் பெரியப்பா இருசப்பன் நாலு வருஷமாக இன்றோ நாளையோ என்றுதானே இருமிக்கொண்டிருக்கிறார்? அவர் ரெண்டு பெண்களும் இங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். எட்டாம் தேதி கோழி கூவும்போது செத்து, மத்தியானம் எழுந்துகொள்ள முடியுமா என்று பதமாகக் கேள்.

பயப்படாமல் பதில் எழுது. உன் அண்ணனுக்கு எழுத்து என்றால் எறும்பு ஊர்கிற மாதிரி.

சம்பூர்ணம்


கழிக்குப்பம்
2-3-74

அண்ணிக்கு ரத்னா வணக்கம்.

முதுகுவலி அப்படியே இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது. மீனிடம் சொல்லிவிடுங்கள்.

உயிரோடு இருக்கிற மனுஷரைப் பிணமாக்கி அழுவது எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பிறகு என் பிள்ளைகள் தூங்குகிறதைப் பார்த்தேன். பெரிய மாமாவிடம் கேட்டுவிட்டேன்.

"சாவணுமா? இன்னிக்கேவா?" என்றார்.

"இன்னிக்கு இல்ல மாமா. வெள்ளிக்கெழம. மத்தியானம் வரிக்கும்தான்."

"எவ எவ அழுவா?"

"ரெண்டு குப்பத்துப் பொம்பளைங்களும்."

"அப்ப சரி. ஆனா சுறா புடிச்சேனே, அது ஒப்பாரில வரணும். வரலன்னா எந்திரிச்சு ஒக்காந்துடுவேன், சொல்லிட்டேன்."

பிறகு ஒரு கட்டு பீடி கேட்டார். கொடுத்தேன். இங்கே ஆராயி அக்காவுக்கு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் முகத்துவாரத்துக்கு வந்து சேதி சொல்லுவாள். நீங்கள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதை ஒரு தடவைதான் செய்ய முடியும் அண்ணி. அதை மறக்க வேண்டாம்.

ரத்னா


புன்னைக்குப்பம்
9-3-74

அடியே ரத்னா,

நேற்று நீ பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எனக்கு அழுகிற வேலை, உனக்குப் பெரியப்பா வயிறு ஏறி இறங்குவதை மறைத்து உட்காருகிற வேலை.

எங்கள் கரையில் நடந்ததை நீ பார்க்கவில்லையே, கேள். ஆராயி சேதி சொன்னபோது நாற்பது மரமும் தண்ணீருக்கு முன்னால் நின்றன. மரத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மணலில் விழுந்தேன். விழுந்த இடத்தில் ஒரு கிளிஞ்சல். அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. பெரியப்பாவின் பெண்கள் இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, பாவம். அப்புறம் ஊரே எழுந்தது. ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போது யார் முதலில் தலைத் துண்டை அவிழ்த்தது தெரியுமா? உன் அண்ணன்தான். "பொணம் கெடக்குது. எவனும் எறங்கக் கூடாது. இழுங்கடா மரத்த மேல!" என்று கத்திவிட்டு, முதல் ஆளாக மரத்தை மேலே இழுத்தார். கண்ணில் தண்ணீர் வேறு. இருபத்தெட்டு வருஷமாக இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற மனுஷனோடா குடித்தனம் பண்ணுகிறோம் என்று எனக்கு ஒப்பாரிக்கு நடுவில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அங்கே வந்தால், நாற்பது நாள் பேசாத பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு பேசுகிறார்கள்! எவள் பெண் வயசுக்கு வந்து உட்கார்ந்தாள், எவள் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம். பெரியப்பாவை யாரும் கவனிக்கவில்லை. அதில்தான் அவருக்குக் கோபம். சுறாவை நான் மறந்துபோனேன், ஒத்துக்கொள்கிறேன். உச்சி வேளைக்கு எழுந்து உட்கார்ந்து, "எமன் ஆள் மாத்தி இட்டுனு போயிட்டான், திருப்பி உட்டான். சொறா இன்னாச்சு?" என்று கேட்டாரே, உன் மூஞ்சியைப் பார்க்கணும் அப்போது!

திரும்பி வந்தபோது மண்ணெண்ணெய் டின்கள் வீடுகளுக்குள் போய்விட்டிருந்தன. கோபம் தீரவில்லை. ஆனால் நாள் தள்ளிப்போய்விட்டது. எனக்கு அது போதும்.

ஒரு சமாசாரம். உன் போன கடிதத்தின் ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதுவும் மஞ்சளாக, எலுமிச்சைச் சாதம். கழிக்குப்பத்தில் அவ்வளவு வசதி வந்துவிட்டதா?

சம்பூர்ணம்


கழிக்குப்பம்
13-3-74

அண்ணிக்கு,

சோறா? நான் எச்சில் தொட்டுத்தான் ஒட்டினேன். எலுமிச்சைச் சாதம் நான் சாப்பிட்டு வருஷமாகிறது.

இங்கே ஒரு பேஜாரு. பெரிய மாமாவுக்குச் சாவு ருசி கண்டுபோயிற்று. நாளுக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்கிறார், பெண்கள் வருவார்கள் என்று. முந்தாநாள் விடலைப் பையன்கள் முகத்துவாரத்தில் நின்று "இருசப்பன் காலி!" என்று உங்கள் பக்கம் கத்திவிட்டுச் சிரித்தார்களாம். உங்கள் ஆட்கள் கல் எறிந்தார்களாம். இப்படியே போனால் விபரீதமாகும்.

அதனால் நமக்குள் ஒன்று வைத்துக்கொள்வோம். மாமாவுக்கு நிஜமாகவே முடியாமல் போனால் நான் உங்களுக்கு எழுதுவேன். என் எழுத்து வராமல், யார் வந்து என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உங்கள் தம்பி முனிசாமி உங்களை விசாரித்தார். நேராக இல்லை. "அக்கா எளைச்சிப் போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ரத்னா


கழிக்குப்பம்
17-3-74, ஞாயிறு

அண்ணி,

மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது. பீடி வேண்டாம் என்றுவிட்டார். சுறாவைப் பற்றிப் பேசவில்லை. இது நிஜம். எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். சேதி வந்தால் அழுதுகொண்டு வந்துவிடுங்கள். உங்கள் பக்கம் யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள்.

ரத்னா


புன்னைக்குப்பம்
23-3-74

ரத்னா,

பதினேழாம் தேதி நீ எழுதின கடிதம் இருபத்தொன்றாம் தேதி வந்தது. உன் அண்ணனைப் புதைத்துவிட்டுக் குளித்து நின்றேன். ஈரக் கையோடு வாங்கினேன்.

பத்தொன்பதாம் தேதி காலை உங்கள் குப்பத்து மாரி வந்து பெரியப்பா போய்விட்டார் என்று சொன்னபோது, எங்கள் ஆம்பளைகள் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்து வரவில்லையே என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் ரத்னா ரெண்டாவது ஆட்டம் போட்டுவிட்டாளே என்று எனக்கு ரோஷம். அழுவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டு, அரைகுறையாக ஒரு "ஐயோ" போட்டேன். உன் அண்ணன் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் ரோட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்து, "பொய்டா. வாங்கடா தொழிலுக்கு" என்று மரத்தைத் தள்ளினார். பன்னிரண்டு மரம் பின்னால் போயிற்று.

தங்கள் குப்பத்தில் பிணம் கிடக்கிறபோது கண்ணெதிரே மீன் பிடிக்கிறார்களே என்று உங்கள் ஆட்கள் இறங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். யாரோ துடுப்பால் உன் அண்ணன் தலையில் அடித்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மறுநாள் சாயந்தரம் வரை மூச்சு இருந்தது. நாம் தினம் இறங்குகிற பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் அவரைக் கொண்டுபோனேன். மீன் கூடை இல்லாமல் அந்த ரோட்டில் நான் போனது அதுதான் முதல் தடவை.

போலீஸ் வந்தது. அலை தூக்கி அடித்தது என்று ரெண்டு குப்பமும் ஒரே மாதிரி சொன்னார்கள். இத்தனை நாளில் ரெண்டு பேரும் ஒத்துப்போனது அதில் ஒன்றில்தான். ஏன் சொன்னார்கள் என்று உனக்கும் தெரியும். தாங்களே பார்த்துக்கொள்வதற்கு.

எழுதாதே. நானும் எழுத மாட்டேன். நம் கெட்டிக்காரத்தனம் போதும்.


கழிக்குப்பம்
26-3-74

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

செத்தது என் அண்ணன். முகம் பார்க்க என்னை விடவில்லை. முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் கூட்டம் தெரிகிறதா, மேளம் கேட்கிறதா என்று பார்த்தேன். நீங்கள் அன்று நிஜமாக அழுதிருந்தால் அவன் கடலுக்குப் போயிருக்க மாட்டான். மாரி வந்து சொல்லக் கேட்டு, அதை நினைத்து மூன்று நாள் உங்களைத் திட்டினேன். நாலாவது நாள், என் எழுத்து வராமல் நம்பாதீர்கள் என்று எழுதினது யார் கை என்று பார்த்தேன். அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. சாவு தபாலுக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தேனே.

முனிசாமி அன்று கடலில் இருந்தார். ஒரு துடுப்பை ஒடித்து அடுப்பில் வைத்தார். நான் கேட்டேன்.

"நீயா?"

"கூட்டத்துல தெர்ல."

"தெர்லன்னா எதுக்கு ஒடச்ச?"

எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார் அடித்தது என்று எனக்கு இனிமேலும் தெரியாது. அவரோடுதான் வாழப்போகிறேன்.

இப்போது கேட்க வேண்டியது வேறு. ஏப்ரல் நாலாம் தேதி பதினாறாம் நாள். உங்களுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். தம்பிதான் தன் கையால் போர்த்த வேண்டும். அவர் வராவிட்டால், அடித்தவன் அதனால்தான் வரவில்லை என்று உங்கள் ஆட்கள் அன்றைக்கே டின்னைத் தூக்குவார்கள். வந்தால், வந்த இடத்திலேயே அடித்துப் போடுவார்கள். நீங்கள் கோடியை வாங்காவிட்டாலும் அதேதான்.

வரட்டுமா? வந்தால் வாங்குவீர்களா?

ரத்னா


புன்னைக்குப்பம்
29-3-74

ரத்னா,

வரச் சொல்.

வீட்டுப் பின்பக்கம் மறுபடியும் கூடினார்கள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்குக் காது இருப்பதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். இருந்தாலும் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியாதா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே, நேற்று நம் பெண்களை அழைத்தேன். தாலி அறுத்தவள் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாதே, அது ஒரு சவுகரியம். முப்பத்தைந்து பேர் வந்தார்கள். ரொம்பப் பேசவில்லை. எல்லாரும் அவரவர் கூடையைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்துத் தலைவர் பக்தவத்சலம் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்தோம். "இன்னாம்மா இது?" என்றார். "அண்ணாத்த, கோடி கொண்டாற ஆளு மேல ஒரு கை பட்டா, இந்தக் கூடைய எவளும் நிமிர்த்த மாட்டா. புடிக்கிற மீன நீங்களே தலைல தூக்கினு மொத பஸ்ஸுல ஏறுங்க. கண்டக்டர் நாத்தம் நாத்தம்னு திட்டுவான், கண்டுக்காதீங்க" என்றேன். அவர் பஸ் ஏறுவதை நினைத்து ரெண்டு மூணு பேர் சிரித்துவிட்டார்கள். நானும்தான். புருஷன் செத்து ஒன்பதாம் நாள் சிரித்த பொம்பளை என்று இந்நேரம் கோவளம் வரை பேர் வாங்கியிருப்பேன்.

ராத்திரிவரை கூடைகள் அங்கேயே கிடந்தன. காலையில் ஆள் அனுப்பி, சரி என்றார்.

உங்கள் பக்கத்திலிருந்து பெண்கள் மட்டும் வரட்டும். நடுவில் முனிசாமி. கையில் சேலையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பெண்கள் முகத்துவாரத்தில் நின்று எதிர்கொண்டு அழைத்து வருவார்கள்.

வாங்குவேனா என்று கேட்டாய். தெரியாது. அவன் எதிரே வந்து நிற்கிறபோது இந்தக் கை நீளுமா என்று எனக்கே சந்தேகம். சின்ன வயசில் இடுப்பில் தூக்கித் திரிந்தவன். நீளாவிட்டால் எத்தனை பேர் சாவார்கள் என்பது மட்டும் தெரியும்.

சம்பூர்ணம்


புன்னைக்குப்பம்
11-4-74

ரத்னா,

கட்டுப்பாடு போய்விட்டது. இனி வாயாலேயே பேசலாம். நாளைக்கு நீ மார்க்கெட்டில் பக்கத்தில்தான் உட்காரப் போகிறாய். ஆனாலும் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கோடி போட்ட அன்று நீ எல்லாவற்றையும் பார்த்தாய். என் கண்ணில் நிற்பது ஒன்றுதான். முனிசாமி கை தவறி, சேலை என் தோளில் நிற்காமல் மணலில் விழுந்தது. உடனே எங்கள் ஆம்பளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன். நானே குனிந்து எடுத்து, மணலை உதறிப் போர்த்திக்கொண்டு, "சின்ன வயசுலர்ந்தே இவன் கைல எதுவும் நிக்காது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்கள். கை நீண்டதே என்று எல்லாரும் என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டீர்கள். அது நீளவில்லை ரத்னா. கீழே விழுந்ததை எடுக்கப் போயிற்று. மீன்காரிக்குப் பழக்கம்.

போகட்டும். சொல்ல வந்தது இது.

தபால்காரர் பார்த்தசாரதி துக்கம் விசாரிக்க நேற்று வந்தார். ரோட்டு முனையில் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திச் சாப்பிடுகிற மனுஷர். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டார். எலுமிச்சைச் சாதம். நான் அதையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். உன் கடிதம் வந்தால் உன் அண்ணன் ரோட்டிலேயே நின்று வாங்கிக்கொள்வாராம். இவர் பிரித்துப் படித்துக் காட்டுவாராம். பிறகு ஒரு பருக்கையால் ஒட்டி, அண்ணன் போன பிறகு, எதுவும் தெரியாதவர் மாதிரி என்னிடம் கொடுப்பாராம்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா சாகப்போவது உன் அண்ணனுக்கு அஞ்சாம் தேதியே தெரியும். நாற்பது பேரில் முதலில் தலைத் துண்டை அவிழ்த்த மனுஷனுக்கு. "எங்க ஆளுங்களுக்கும் அன்னிக்கிப் போவ இஷ்டம் இல்ல சாமி, போவாததுக்கு ஒரு சாக்கு வேணும், பொம்பளைங்களே குடுக்கறாங்க" என்றாராம். நான் முந்தானையைக் கடித்துச் சிரித்தேன் அல்லவா, அது அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

உன் எழுத்து வராமல் நம்ப வேண்டாம் என்று நீ எழுதினதையும் உன் அண்ணன் கேட்டிருந்தார்; பத்தொன்பதாம் தேதி காலையிலும் வந்து நின்றாராம். லெட்டர் இல்லை என்று இவர் சொன்னாராம். "அப்ப கெழவன் சாவல" என்று சிரித்துக்கொண்டே போனாராம்.

சம்பூர்ணம்